செல்லுக்குள் செல்: விழுங்குதலும் இறப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் இறப்பைப் பற்றி மாணவர்களிடமும் சில சமயம் அவர்களுடைய பெற்றோரிடமும் பேசி வருகிறேன். ஒரு செல் உயிரோடு இன்னொரு செல்லுக்குள் போய் அங்கேயே இறந்துவிடும், அதற்கு என்டோசிஸ் என்று பெயர் என்று சொன்ன மாத்திரத்தில் ஒரே விதமான சந்தேகங்கள் கிளம்புகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன; சிக்கலானவை பின்னால். எண் சுட்டியிருக்கும் இடங்களில் அந்தப் பதிலை ஒருமுறை பார்த்துக்கொண்டால் திரும்பப் படிக்க வேண்டியிருக்காது.

1. செல் எதற்காகச் சாக வேண்டும்? சாகாமல் இருந்தால் நல்லதுதானே?

வளர்ந்த மனித உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 33,000 கோடி செல்கள் புதிதாக வந்து பழையவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன என்று 2021-இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. இவற்றில் பெரும்பங்கு ரத்த அணுக்கள். அடுத்த இடம் குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு. புதியவை வந்துகொண்டே இருக்க, பழையவை போகாமல் தங்கிவிட்டால் உறுப்புகளின் அளவும் வடிவமும் குலைந்துவிடும்.

வளர்ச்சியிலும் இறப்புக்கு வேலை இருக்கிறது. கருவில் கை முதலில் தட்டையான ஒரே துண்டாகத்தான் உருவாகிறது. இடையிலுள்ள செல்கள் இறந்த பிறகுதான் ஐந்து விரல்களும் பிரிந்து தெரிகின்றன. சாக வேண்டிய நேரத்தில் செல் சாக மறுப்பது புற்றுநோய்க்கு வழி திறக்கும் காரணங்களில் ஒன்று.

2. செல் தற்கொலை செய்துகொள்ளும் என்று பாடப் புத்தகத்தில் படித்தேன். நீங்கள் சொல்வது அதைத்தானா?

நீங்கள் படித்தது அப்போப்டோசிஸ். ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டேர் கரி ஆகிய மூவரும் 1972-இல் அதற்கு அந்தப் பெயரிட்டு விவரித்தார்கள். செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் காஸ்பேஸ் என்ற நொதிகள் விழித்துக்கொண்டு உள்ளிருக்கும் புரதங்களைக் குறிபார்த்து வெட்டுகின்றன. செல் சுருங்குகிறது, உட்கரு துண்டாகிறது, மேற்பரப்பில் கொப்புளங்கள் எழுகின்றன, கடைசியில் உறை கிழியாத சிறு பொட்டலங்களாக அது பிரிந்துவிடுகிறது. உள்ளடக்கம் வெளியே கசியாததால் அக்கம்பக்கத்தில் அழற்சி ஏற்படுவதில்லை.

இது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுதான் சாட்சி. இருபால் புழு ஒன்று வளரும்போது 1,090 உடற்செல்கள் உண்டாகின்றன. அவற்றில் 131 இறக்கின்றன. எந்தப் புழுவை எடுத்துப் பார்த்தாலும் அதே 131 செல்கள்தாம். இந்தப் புழுவை வைத்துச் செய்த ஆய்வுகளுக்காக சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் மூவருக்கும் 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பக்கத்தின் மையமான என்டோசிஸ் வேறு வகை. ஆறாம் கேள்விக்கு வரும்போது வித்தியாசம் தெரியும்.

3. அடிபட்டு, வெந்து சாகும் செல்லும் இப்படித்தான் சாகிறதா?

இல்லை. அதற்கு நெக்ரோசிஸ் என்று பெயர். செல் வீங்கி, உறை கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டுகிறது, அழற்சி வருகிறது. இது முழுக்க முழுக்க விபத்து என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். ஆனால் உறை கிழியும் அந்தக் கடைசிக் கட்டத்தில்கூட நிஞ்சுரின்-1 என்ற புரதத்துக்குப் பங்குண்டு என்று 2021-இல் தெரியவந்தது.

4. இறந்த செல்லின் உடல் எங்கே போகிறது? இத்தனை கோடி செல்கள் இறந்தால் குப்பை சேராதா?

சேராது. சேரும் முன்பே விழுங்கப்பட்டுவிடுகிறது. உயிருள்ள செல் தன் உறையின் உட்பக்கத்தில் பாஸ்ஃபாட்டிடைல்செரின் என்ற கொழுப்பு மூலக்கூறை மறைத்து வைத்திருக்கும். அப்போப்டோசிஸ் தொடங்கியதும் அது வெளிப்பக்கத்துக்குத் திரும்பிவிடும். பெருவிழுங்கிகள் (மேக்ரோஃபேஜ்) என்ற துப்புரவுச் செல்களும் அண்டைச் செல்களும் அதை அடையாளம் கண்டு, சடலத்தைச் சுற்றி வளைத்து உள்ளே இழுத்து, செல்லின் செரிமானப் பைகளான லைசோசோம்களின் அமிலத்தில் கரைத்துவிடுகின்றன. இரண்டாம் பதிலில் சொன்ன புழுவில் ஒரு சடலம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் காணாமல் போய்விடும்.

செல் ஒன்று இன்னொன்றை விழுங்கும் என்ற செய்தியின் தொடக்கத்தில் இலியா மெச்னிகோவ் இருக்கிறார். 1882-இல் சிசிலியின் மெசினா நகரில், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திர மீனின் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்துகொண்டதைக் கண்டார். 1908-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்டார்.

இந்தத் துப்புரவு நின்றால் என்ன ஆகும் என்பதற்குக் கண் ஒரு தெளிவான எடுத்துக்காட்டு. விழித்திரையின் ஒளியுணர் செல்கள் தங்கள் வெளிமுனையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு நாளும் உதிர்க்கின்றன. அடியிலுள்ள நிறமிச் செல்கள் அதை விழுங்குகின்றன. விழுங்கத் தேவையான மெர்-டி.கே. என்ற ஏற்பியின் மரபணு பழுதானவர்களுக்குப் பார்வை சிறுகச் சிறுகப் போய்விடுகிறது. ஒளியுணர் செல்லில் குறையே இல்லை; அதன் கழிவை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான்.

5. அப்படியானால் ஒரு செல் இன்னொன்றை விழுங்குகிறது என்றாலே அது துப்புரவுதானே?

இங்கேதான் பெரும்பாலோர் தடம் மாறுகிறார்கள். ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். "ஒரு செல்லுக்குள் இன்னொரு செல் இருக்கிறது" என்ற காட்சி பல வழிகளில் உண்டாகலாம். எந்த வழியாக இருந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது எப்போது இறந்தது, உள்ளே போகும் முன்பா, போன பிறகா? உள்ளே போகும் வேலையைச் செய்தது யார், விழுங்கிய செல்லா, விழுங்கப்பட்ட செல்லா?

நான்காம் பதிலில் வருவது, முன்பே இறந்துவிட்ட செல்லை வெளிச்செல் தன் முயற்சியால் எடுத்துக்கொள்வது. என்டோசிஸில் உயிருள்ள செல் தன் சொந்த விசையால் உள்ளே நுழைகிறது, பிறகு இறக்கிறது. பதினான்காம் பதிலில் வருவது மூன்றாவது வகை. அங்கே வெளிச்செல் முயன்று விழுங்குகிறது, அந்த விழுங்கலே கொலை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மீதிப் பெயர்களெல்லாம் தானாக அதனதன் இடத்தில் அமர்ந்துவிடும்.

6. சரி, என்டோசிஸ் என்றால் என்ன? யார் கண்டுபிடித்தது?

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஜோன் ப்ரக்கின் ஆய்வகத்தில் மைக்கேல் ஓவர்ஹோல்ட்சரும் உடன் பணியாற்றியவர்களும் 2007-இல் இதை விவரித்து இந்தப் பெயரையும் வைத்தார்கள். மனித மார்பகத்தின் எபிதீலியச் செல்களை (உட்சுவரை மூடியிருக்கும் செல்களை)ப் பிடிமானத் தளத்திலிருந்து பிரித்து, திரவத்தில் மிதக்கவிட்டிருந்தார்கள். பிடிமானம் இழந்த இப்படிப்பட்ட செல்கள் அப்போப்டோசிஸ் மூலம் இறக்கும் என்பதுதான் அதுவரை அறிந்த செய்தி. ஆனால் மிதந்த செல்களில் பல, பக்கத்துச் செல்லுக்குள் முழுசாக நுழைந்து, அங்கே ஒரு பெரிய குமிழுக்குள் உயிரோடு இருந்தன. அப்போப்டோசிஸைத் தடுத்த பிறகும் இது தொடர்ந்தது; உள்ளே போனவை இறக்கவும் செய்தன.

காஸ்பேஸ் இல்லாமல் நடக்கிறது, உயிரோடு நுழைந்த பின் நடக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் இதைத் தனி வகையாக்குகின்றன. செல் இறப்பு வகைகளுக்குப் பெயரும் வரையறையும் தரும் பன்னாட்டுக் குழு 2018-இல் வெளியிட்ட பட்டியலிலும் இது தனி வகையாகவே இடம்பெற்றிருக்கிறது.

7. சாவதற்கென்று ஒரு செல் தானாகவா இன்னொன்றுக்குள் போகும்? யாராவது இழுத்திருக்க வேண்டாமா?

நம்ப முடியாததாகத் தோன்றினாலும் விசை உள்ளே போகும் செல்லிலிருந்துதான் வருகிறது. முதலில் இரண்டு செல்களும் ஒட்டிக்கொள்கின்றன. ஈ-கேட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதம் இரண்டிலும் இருக்க வேண்டும். அது இல்லாத செல்களில் என்டோசிஸ் நடப்பதில்லை. ஒட்டிய இடத்தில், செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் என்ற புரத இழைகளின் இறுக்கம் தளர்கிறது. அதே நேரத்தில் ஒரு செல்லின் எதிர்ப்பக்கத்தில், ரோ-ஏ, ராக் என்ற இரு புரதங்களின் ஏவலால், ஆக்டினும் அதை இழுக்கும் மயோசின் என்ற புரதமும் கூடி இறுகுகின்றன. பற்பசைக் குழாயைப் பின்னாலிருந்து அழுத்தினால் பசை முன்னே வருவதுபோல, பின்பக்கம் இறுக இறுக அந்தச் செல் முன்பக்கமாகப் பக்கத்துச் செல்லுக்குள் பிதுங்குகிறது.

சாவதற்கென்று போகிறது என்று நினைப்பதில்தான் சிக்கல். செல்லுக்கு நோக்கம் ஏதுமில்லை. தளத்தில் பற்றி நிற்கும் செல்லில் அந்த இழுவிசை கீழுள்ள பிடிமானத்தின்மேல் செலவாகிவிடுகிறது. பிடிமானம் போனதும் அதே விசைக்குப் பக்கத்துச் செல்லை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. பிடிமான இழப்பைத் தவிர, குளுக்கோஸ் பற்றாக்குறையும் செல்பிரிவும் இதைத் தூண்டுகின்றன. பிரியும் செல் உருண்டையாகி இறுகுவதும் இதே விசை ஏற்பாட்டால்தான்.

8. உள்ளே போனதும் உடனே செத்துவிடுமா?

உடனே இல்லை. பல மணி நேரம் உயிரோடு இருக்கும். சில செல்கள் குமிழுக்குள் இருந்தபடியே இரண்டாகப் பிரிவதையும் படம் பிடித்திருக்கிறார்கள். இன்னும் சில வெளியே வந்து எதுவும் நடவாததுபோல் வாழ்கின்றன. ஆகவே என்டோசிஸின் முதல் பாதியை இறப்பு என்று சொல்ல முடியாது. அது நுழைவு மட்டும்தான்.

பெரும்பான்மையானவை வெளிச்செல்லின் கையால் இறக்கின்றன. குமிழின் சுவரில் எல்.சி.3 என்ற புரதம் வந்து ஒட்டுகிறது. பிறகு லைசோசோம்கள் அதனுடன் இணைந்து அமிலத்தையும் நொதிகளையும் கொட்டுகின்றன. 2011-இல் ஆலிவர் ஃப்ளோரியும் ஓவர்ஹோல்ட்சரும் காட்டிய இந்தச் செய்தி பலரைத் திகைக்க வைத்தது. எல்.சி.3 என்பது செல் தன் உறுப்புகளைத் தானே செரிக்கும் தன்விழுங்கலுக்கு உரியது என்றுதான் நினைத்திருந்தோம். இங்கே தன்விழுங்கலின் இரட்டைச் சுவர்ப் பை உருவாகாமலே, அந்தக் கருவி மட்டும் வந்து வேலை செய்கிறது.

9. வெளியே இருக்கும் செல்லுக்கு இதில் என்ன லாபம்?

உணவு. செரித்த உள்செல்லிலிருந்து அமினோ அமிலங்கள் கிடைக்கின்றன. பட்டினி போட்ட வளர்ப்பு ஊடகத்தில், இன்னொன்றை விழுங்கிய செல் அதிக நாள் தாக்குப்பிடிக்கிறது.

நட்டமும் உண்டு. உள்ளே இன்னொரு முழுச் செல் அடைத்துக்கொண்டிருப்பதால் வெளிச்செல்லின் உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டுப் பிறை வடிவாகிறது. அந்த நிலையில் வெளிச்செல் பிரிய முயன்றால், உட்கரு இரண்டாகிவிடும். ஆனால் நடுவில் கிடக்கும் செல் குறுக்கே நிற்பதால், உடலை இரண்டாக வெட்டும் கடைசிக் கட்டம் தோற்றுப்போகிறது. விளைவு, இரண்டு உட்கரு கொண்ட ஒரே செல். அடுத்த பிரிவில் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) தாறுமாறாகப் பங்கிடப்படும் வாய்ப்பு ஏறிவிடுகிறது. மரபணுவில் எந்தப் பிழையும் இல்லாமல், வெறும் இடநெருக்கடியால் நிறமூர்த்த எண்ணிக்கை கெடுகிறது என்று 2011-இல் வந்த இந்த முடிவை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

10. இரண்டும் ஒரே வகைச் செல். எது உள்ளே போகும், எது வெளியே நிற்கும் என்று எப்படி முடிவாகிறது?

விறைப்பால் முடிவாகிறது. ஏழாம் பதிலில் சொன்ன ரோ-ஏ, மயோசின் இறுக்கம் எதில் அதிகமோ அது விறைப்பான செல். அது உள்ளே போகிறது. மென்மையாக, வளைந்துகொடுக்கும் செல் வெளியே நின்று பிழைக்கிறது. கே-ராஸ் என்ற புற்றுநோய் மரபணு முடுக்கப்பட்ட செல்கள் மென்மையாகி வெளிச்செல்லாக வெல்லும் என்று 2014-இல் காட்டினார்கள்.

வலிமையானது வெல்லும் என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே அதிகமாக இறுகுவதுதான் தோற்கிறது. மாணவர்கள் தேர்வில் தலைகீழாக எழுதிவைப்பதும் இந்த இடத்தில்தான்.

11. இதெல்லாம் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில்தானே? உண்மையான உடலில் நடக்கிறதா?

நடக்கிறது. புற்றுக்கட்டிகளில் செல்லுக்குள் செல் இருப்பதை நோய்க்குறியியலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்த்து வரைந்து வைத்திருக்கிறார்கள். எப்படி உண்டாகிறது என்ற விளக்கம்தான் அவர்களிடம் இல்லை.

நோயில்லாத உடலிலும் உண்டு. எலியின் கரு கருப்பையில் பதியும்போது, அங்கே தடையாக நிற்கும் உட்சுவர்ச் செல்கள் கருவின் வெளியடுக்குச் செல்களுக்குள் என்டோசிஸ் முறையில் போய் மறைகின்றன என்று 2015-இல் ஓர் ஆய்வு சொன்னது. நம் பழைய புழுவிலும் இருக்கிறது. ஆண் புழுவில் இனப்பெருக்க உறுப்பு வளரும் திசையைக் காட்டி முன்னே செல்லும் "லிங்க்கர்" என்ற ஒரு செல், வேலை முடிந்ததும் காஸ்பேஸ் உதவியின்றி இறக்கிறது. அது அண்டைச் செல்லுக்குள் போய் மறைவது என்டோசிஸ் வழியில்தான் என்று 2019-இல் தெரியவந்தது.

12. என் அம்மாவின் பயாப்சி அறிக்கையில் "செல்லுக்குள் செல் காணப்படுகிறது" என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். கட்டியின் வகை, தரம், எவ்வளவு பரவியிருக்கிறது என்பவைதாம் சிகிச்சையைத் தீர்மானிக்கின்றன. செல்லுக்குள் செல் என்பதை நோய்க்குறியியலாளர் தான் கண்ட காட்சியாகப் பதிவு செய்கிறார். சில புற்றுநோய்களில் இது முரட்டுத்தனமான கட்டிகளோடு சேர்ந்து காணப்படுகிறது. சிலவற்றில் அப்படித் தெளிவான தொடர்பு இல்லை.

புற்றுநோயே இல்லாத நிலைகளிலும் இந்தக் காட்சி வரும். ரோசாய்–டார்ஃப்மன் நோயில் பெரிய திசுவிழுங்கிகளுக்குள் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் உயிரோடு உலாவுவதைக் காணலாம். இதற்கு எம்பெரிபோலிசிஸ் என்று பெயர். உள்ளே போனவை பொதுவாகக் காயமின்றி இருக்கின்றன. அறிக்கையை எடுத்துக்கொண்டு சிகிச்சை தரும் மருத்துவரிடமே "இந்த வரியால் ஏதாவது மாறுகிறதா" என்று நேராகக் கேளுங்கள்.

13. என்டோசிஸ் புற்றுநோயைத் தடுக்கிறதா, வளர்க்கிறதா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும். பிடிமானத்தை விட்டு அலையும் செல் இன்னொன்றுக்குள் போய் இறந்தால், கட்டியில் ஒரு செல் குறைகிறது, அது தடுப்பு. ஆனால் பிழைத்து நிற்பது யார் என்று பத்தாம் பதிலைப் பாருங்கள். புற்று மரபணு முடுக்கப்பட்டு மென்மையான செல்தான் நிற்கிறது. அதற்கு உணவும் கிடைக்கிறது, நிறமூர்த்தங்களும் குழம்புகின்றன. அதாவது எண்ணிக்கை குறைகிறது; மிஞ்சுவது மேலும் மோசமானதாக இருக்கலாம். தொடக்க நிலையில் தடுப்பாகவும், கட்டி முற்றியபின் தேர்ந்தெடுக்கும் சல்லடையாகவும் இது வேலை செய்யக்கூடும் என்பது என் புரிதல்.

14. நல்லபடியாக இருக்கும் செல்லை இன்னொரு செல் பிடித்து விழுங்கியே கொன்றுவிடுமா?

கொல்லும். இதற்கு ஃபேகோப்டோசிஸ் என்று பெயர். விழுங்கலைத் தடுத்தால் அந்தச் செல் பிழைத்துக்கொள்ளும் என்பதே இதன் அடையாளம். 2001-இல் நமது புழுவிலேயே இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதற்கான தடயத்தைக் கண்டன. காஸ்பேஸ் பலவீனமாக இருந்த புழுக்களில் சில செல்கள் சாவதா பிழைப்பதா என்ற விளிம்பில் நின்றன. விழுங்கும் மரபணுக்களையும் முடக்கியபோது அவற்றில் கூடுதலான செல்கள் பிழைத்துவிட்டன. அப்படியென்றால் அண்டைச் செல் சடலத்துக்காகக் காத்திருக்கவில்லை. தள்ளாடிய செல்லைத் தள்ளிவிட்டிருக்கிறது. பழ ஈயின் சூலகத்திலும் முட்டைக்கு ஊட்டம் தந்து முடித்த 15 செவிலிச் செல்களைச் சுற்றியுள்ள செல்கள்தாம் முடித்துவைக்கின்றன.

மூளையைப் பற்றி யோசிக்கும்போது இது வெறும் புழு, ஈ விவகாரமாக இருப்பதில்லை. பக்கவாதத்துக்குப் பின் தற்காலிகமாகத் தடுமாறும் நியூரான்கள் நான்காம் பதிலில் சொன்ன அதே கொழுப்பு அடையாளத்தை வெளியே காட்டிவிடுகின்றன. மூளையின் விழுங்கிகளான மைக்ரோகிளியா அவற்றை எடுத்துவிடுகின்றன. விழுங்கத் தேவையான புரதங்கள் இல்லாத சுண்டெலிகளிலும் எலிகளிலும் இப்படிப்பட்ட பாதிப்புக்குப் பிறகு மூளை இழப்பு குறைவாக இருந்தது. தேறியிருக்கக்கூடிய நியூரான்களையும் சேர்த்து இழக்கிறோம் என்பது எனக்கு மிகுந்த கவலை தரும் செய்தி. மருந்துக்கு ஒரு வாசல் இருக்கிறது என்பதால் நம்பிக்கை தருவதும் இதுவே.

15. அமீபாவும் நம் குடல் செல்களை இப்படித்தான் விழுங்குகிறதா?

அமீபா சீதபேதிக்குக் காரணமான எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா முழுசாக விழுங்குவதில்லை, கடிக்கிறது. உயிருள்ள மனிதச் செல்லிலிருந்து சிறு சிறு துண்டுகளாகக் கடித்து எடுத்தே அதைக் கொல்கிறது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. செல் இறந்ததும் அமீபா கடிப்பதை நிறுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஐந்தாம் பதிலில் உள்ள இரண்டு கேள்விகளை இங்கே போட்டுப் பாருங்கள்: வேலை வெளிச்செல்லுடையது, கடி முந்தியது, இறப்பு பிந்தியது.

16. டெங்கு வந்த பையனுக்கு "ரத்த அணுக்களை உடலே தின்கிறது" என்றார் மருத்துவர். அது என்ன நோய்?

அவர் எச்.எல்.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிலையைச் சொல்லியிருக்கக்கூடும். டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களும் பெருவிழுங்கிகளும் கட்டுக்கடங்காமல் முடுக்கப்பட்டு, எலும்பு மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு (பிளேட்லெட்) என்று எல்லாவற்றையும் விழுங்கத் தொடங்குகின்றன. விடாத காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், எல்லா அணுக்களும் குறைதல், ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதம் மிக உயர்தல் ஆகியவை அறிகுறிகள். டெங்கு உள்ளிட்ட தொற்றுகள் இதைத் தூண்டக்கூடும். பிறவியிலேயே பெர்ஃபோரின் போன்ற புரதங்களில் குறையுள்ள குழந்தைகளுக்கும் வரும்.

டெங்குவில் தட்டணு குறைந்தாலே இது என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலான டெங்கு நோயாளிகளுக்குத் தட்டணு வேறு காரணங்களால்தான் குறைகிறது. ஆனால் காய்ச்சல் விட வேண்டிய நாள் கடந்தும் விடாமல், எல்லா அணுக்களும் சரிந்தால் தாமதிக்கக் கூடாது. இது உயிருக்கு ஆபத்தானது. விரைவாகக் கண்டறிந்தால் அடக்க மருந்துகள் உண்டு.

17. ஏகாதசி விரதம் இருந்தால் செல்கள் தங்களைத் தாங்களே தின்று நோயெல்லாம் தீரும், இதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்று செய்தி வருகிறதே?

பரிசு உண்மை. யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் தன்விழுங்கல் ஆய்வுக்காகக் கிடைத்தது. அவர் வேலை செய்தது ஈஸ்ட் செல்களில். எந்த மரபணுக்கள் தன்விழுங்கலை நடத்துகின்றன என்று கண்டுபிடித்ததற்குத்தான் பரிசு. விரதத்துக்கோ நோய் தீர்ப்பதற்கோ அல்ல. பட்டினியில் தன்விழுங்கல் கூடும் என்பது சரிதான். மனிதருக்கு இத்தனை மணி நேரம் உண்ணாதிருந்தால் இன்ன நோய் தீரும் என்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இப்படிப்பட்ட செய்தியை நம்பிப் பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

இன்னொன்று. தன்விழுங்கலில் செல் தன்னுடைய பழுதான உறுப்புகளைத்தான் செரிக்கிறது. அது பெரும்பாலும் உயிர் பிழைக்கும் வழி. இன்னொரு செல்லை விழுங்குவதோடு அதைக் குழப்பக் கூடாது. இரண்டுக்கும் பொதுவானது எட்டாம் பதிலில் வந்த எல்.சி.3 கருவியும் லைசோசோமும்தான்.

18. நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ், ஃபெர்ரோப்டோசிஸ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இத்தனை பெயர்கள் தேவையா?

மூன்றும் வெவ்வேறு கருவிகளால் நடப்பவை, எனவே தேவை. நெக்ரோப்டோசிஸில் ஆர்.ஐ.பி.கே.3 என்ற நொதி எம்.எல்.கே.எல். என்ற புரதத்தை முடுக்கிவிட, அது உறையைக் குலைக்கிறது. பைரோப்டோசிஸ் கிருமி நுழைந்த செல்களில் அதிகம். அங்கே காஸ்பேஸ்-1 போன்றவை காஸ்டெர்மின்-டி என்ற புரதத்தை வெட்டுகின்றன, வெட்டிய துண்டுகள் கூடி உறையில் துளையிடுகின்றன, அந்தத் துளை வழியே அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளியேறுகிறது. காஸ்டெர்மினின் இந்தப் பங்கு 2015-இல்தான் தெரிந்தது.

ஃபெர்ரோப்டோசிஸ் சற்று வித்தியாசமானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ப்ரென்ட் ஸ்டாக்வெல்லின் குழு 2012-இல் பெயரிட்டது. இதில் கொல்லும் புரதம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. இரும்பின் துணையோடு உறைக் கொழுப்புகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போகின்றன. அதைத் தடுத்துவரும் ஜி.பி.எக்ஸ்.4 என்ற நொதி தோற்கும்போது செல் இறக்கிறது. இந்த மூன்றிலும் விழுங்கல் கிடையாது. உறை கிழிந்து உள்ளடக்கம் வெளியே வருகிறது.

19. ஒரு வழியை அடைத்தால் செல் வேறு வழியில் சாகுமா?

சாகும். காஸ்பேஸ்-8 அப்போப்டோசிஸை நடத்துவதோடு நெக்ரோப்டோசிஸை அடக்கியும் வைத்திருக்கிறது. அந்த மரபணு இல்லாத எலிகள் கருவிலேயே இறந்துவிடும். கூடவே ஆர்.ஐ.பி.கே.3-ஐயும் நீக்கினால் பிழைத்துக்கொள்கின்றன என்று 2011-இல் காட்டினார்கள். காஸ்பேஸை முடக்கித் தப்பிக்கப் பார்க்கும் வைரஸுக்கு இது ஒரு மாற்றுப் பொறி.

என்டோசிஸிலும் அப்படியே. எட்டாம் பதிலின் எல்.சி.3 கருவியை வெளிச்செல்லில் முடக்கினால், உள்செல் லைசோசோமால் கரைக்கப்படுவது குறைந்து, அப்போப்டோசிஸால் இறப்பது கூடுகிறது.

20. இதையெல்லாம் வைத்து மருந்து ஏதாவது வந்திருக்கிறதா?

அப்போப்டோசிஸில் வந்திருக்கிறது. சாவைத் தடுக்கும் பி.சி.எல்.-2 என்ற புரதத்தை முடக்கும் வெனெட்டோக்ளாக்ஸ் மாத்திரைக்கு 2016-இல் அமெரிக்காவில் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு ஒப்புதல் கிடைத்தது. அது இன்று பலரைக் காப்பாற்றி வருகிறது.

விழுங்கலை வைத்துச் செய்த முயற்சி அவ்வளவு எளிதாகப் போகவில்லை. நலமான செல்கள் "என்னைத் தின்னாதே" என்று காட்ட சி.டி.47 என்ற புரதத்தை மேலே ஏந்தியிருக்கின்றன. புற்றுச் செல்களும் அதைக் கூடுதலாக ஏந்தித் தப்பிக்கின்றன. அதை மறைத்துவிட்டால் பெருவிழுங்கிகள் புற்றுச் செல்லைத் தின்றுவிடும் என்ற எண்ணத்தில் மேக்ரோலிமாப் என்ற எதிர்ப்பொருள் உருவானது. ஆனால் சிவப்பணுக்களும் அதே அடையாளத்தைத்தான் நம்பியிருக்கின்றன. எனவே ரத்தசோகை பக்கவிளைவாக வந்தது. பெரிய ரத்தப் புற்றுநோய்ச் சோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் அவை நிறுத்தப்பட்டன. பதின்மூன்றாம் பதிலில் சொன்ன இருமுகத் தன்மை தீராதவரை என்டோசிஸைத் தூண்டுவதா தடுப்பதா என்றே முடிவு செய்ய முடியாது. அதற்கென்று மருந்து எதிர்பார்ப்பது இப்போதைக்கு அவசரம்.

21. எங்கள் ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் ஒரு செல்லுக்குள் இன்னொன்று தெரிகிறது. என்டோசிஸ் என்று எழுதிவிடலாமா?

எழுதாதீர்கள், இன்னும் இல்லை. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இரண்டு செல்களும் மேலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். முதலில் கன்ஃபோக்கல் நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படமெடுத்து, உள்செல்லைச் சுற்றிலும் வெளிச்செல்லின் உறை முழுமையாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்செல்லின் உட்கரு பிறையாக வளைந்திருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் அது மட்டும் போதாது.

பிறகு ஐந்தாம் பதிலின் இரண்டு கேள்விகளுக்கும் சோதனையால் விடை தேடுங்கள். உள்செல் நுழையும்போது உயிரோடு இருந்ததா என்பதை நகரும் படமாக எடுத்தால்தான் சொல்ல முடியும். நின்ற படத்தில் நேரம் தெரியாது. விசை யாருடையது என்பதற்கு ராக் நொதியைத் தடுக்கும் ஒய்-27632 மருந்தைச் சேர்த்துப் பாருங்கள். என்டோசிஸ் என்றால் நுழைவு குறைய வேண்டும். காஸ்பேஸ் தடுப்பானைச் சேர்த்தால் நுழைவு குறையக் கூடாது. ஈ-கேட்ஹெரின் சாயம் இரண்டு செல்களின் சந்திப்பில் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். இவை எல்லாம் ஒத்துவந்தால் என்டோசிஸ் என்று எழுதலாம். படம் மட்டும் கையில் இருந்தால் "செல்லுக்குள் செல் அமைப்பு" என்று எழுதுங்கள். அந்தச் சொல் எந்த வழியில் உண்டானது என்று எதையும் உறுதி கூறுவதில்லை.